அம்மா பேச்சை நிறுத்தும்போது

வங்காளத்து டாக்குரியாவில் ரயில் பாதையை ஒட்டினாற்போல மஹிமாவின் வீடு. ரயில் வந்தால் அங்கே எல்லோரும் பாதிப் பேச்சில் நிறுத்திவிடுவார்கள். அது போனதும் மீதியைச் சொல்வார்கள். இல்லாவிட்டால் காதில் விழாதே!

அன்று பள்ளி விடுமுறை. அம்மா விஜயலக்ஷ்மி அவளைத் தன் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப்போனாள். போன வாரம்தான் எலெக்ட்ரான் நுண்ணோக்கியைப் புது அறைக்கு மாற்றியிருந்தார்கள். அதன் முன்னால் அம்மாவின் மாணவி தாரா கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

நுண்ணோக்கிக்குள் இருந்தது, நகத்தளவுகூட இல்லாத ஒரு மின்னணுச் சில்லு. தாரா மூன்று மாதம் பாடுபட்டுச் செய்தது. ஒன்றே ஒன்றுதான். உள்ளே ஒளிந்திருக்கும் அடுக்கில் ஏதோ கோளாறு. மதியம் ஒரு மணிக்கு நுண்ணோக்கியை வேறொருவருக்கு விட வேண்டும். அதற்குள் படம் தெளிவாக வராவிட்டால் சில்லை வெட்டித்தான் பார்க்க வேண்டும். வெட்டினால் அவ்வளவுதான், வீண்!

"வெட்டாம உள்ளே இருக்கறது எப்படிம்மா தெரியும்?"

"எலெக்ட்ரானை மெதுவா விட்டா மேலேயே நின்னுடும். வேகத்தைக் கூட்டினா ஆழமாப் போகும். சரியான வேகம் வச்சா, நமக்கு வேண்டிய அடுக்கு..." அம்மா நிறுத்தினாள். கொஞ்சம் கழித்து, "தெரியும்," என்றாள்.

அதற்குள் திரையில் வரி வரியாக இறங்கிவந்த படம் நடுவில் நெளிந்திருந்தது.

"ஓரே பாபா! மறுபடியுமா?" என்று தாரா வங்காளத்தில் புலம்பினாள்.

"வேகத்தை இன்னும் கொஞ்சம்..." அம்மா நிறுத்தினாள். படம் மறுபடி நெளிந்தது. "கூட்டலாமா?"

மஹிமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மா, நீ பேச்சை நிறுத்தறப்பல்லாம் படம் நெளியுது!"

"நான் எங்கேடி நிறுத்தினேன்?"

"வீட்டுல நிறுத்தற மாதிரியேதான். ரயில் போகுதும்மா!"

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். சுவருக்கு அப்பால், மிக மெல்லிய தடதடப்பு. படத்தை ஆட்ட அந்த அதிர்வு போதுமே!

மணி பன்னிரண்டே முக்கால்.

"ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று மஹிமா கேட்டாள்.

"ஆறு நிமிஷம்," என்றாள் அம்மா.

"நம்ம வீட்டுப் பக்கம் போற அதே பாதைதானே! அடுத்து சோனார்பூர் லோக்கல். அது போயிட்டா பத்து நிமிஷத்துக்கு ஒண்ணும் வராது. எனக்கு நல்லாத் தெரியும்."

காத்திருந்தார்கள். சோனார்பூர் லோக்கல் போனதும் தாரா பொத்தானை அழுத்தினாள். மூவரும் அசையவே இல்லை. படமும் அசையவில்லை! ஒளிந்திருந்த அடுக்கின் ஓரத்தில் ஒரு குட்டிக் குமிழி தெரிந்தது.

"இவ்வளவுதானா? லேசாகச் சூடு காட்டினால் சரியாகிவிடும்!" தாரா மஹிமாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

மாலையில் தோசை வார்த்துக்கொண்டே அம்மா, "மஹிமா, இன்னிக்கு மட்டும் நீ இல்லேன்னா..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

டைமண்ட் ஹார்பர் லோக்கல். பன்னிரண்டு பெட்டிகள். மீதியைக் கேட்க, மஹிமா ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு காத்திருந்தாள்.