எதிரலை

மேடையில் மெர்லின் துள்ளியபோது, வீடுகளில் உட்கார்ந்திருந்தவர்களின் கணுக்கால்களிலும் அந்தத் துள்ளல் ஓடியது. கையில் மெய்வளையை மாட்டிக்கொண்டால் போதும். ஆடுபவரின் அசைவு பார்ப்பவரின் தசைக்கு வந்துவிடும். பார்ப்பவரின் சிலிர்ப்பும் அதே வழியில் திரும்பி ஆடுபவரை அடையும். அதற்கு எதிரலை என்று பெயர்.

தூத்துக்குடி நடனப் போட்டியை இப்படி ஒளிபரப்பிவந்தவள் நாச்சியார். தொடக்கத்திலிருந்தே இலவசம். சமையல் செய்தபடி, துறைமுகத்தில் சரக்கு இறக்கியபடி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி ஊரே பார்த்தது. கூட்டம் பெருகப் பெருகச் செலவும் பெருகியது. விளம்பரம் போட்டுப் பார்த்தாள். நடனத்துக்கு நடுவே உள்ளங்கையில் சோப்பு வழுக்குகிறது என்று எல்லோரும் திட்டினார்கள். வேறு வழியில்லாமல், இனிமேல் கட்டணம் என்று அறிவித்தாள்.

பலமுறை கோப்பை வென்ற மெர்லினுக்கு இது பிடிக்கவில்லை. கூட்டம் குறைந்தாலும் உண்மையான ரசிகர்கள் இருப்பார்கள் என்று நாச்சியார் அவளைச் சமாதானப்படுத்தினாள். தானும் அதை நம்பினாள்.

போட்டியன்று முதல் சுழற்சியிலேயே மெர்லினின் உடம்பு கனத்தது. வழக்கமாக ஆயிரம் கைகள் சேர்ந்து இடுப்பைத் தூக்கிவிடுவது போலிருக்கும். இப்போது வந்த அலையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் உடம்புகள்தான் இருந்தன. அவள் பாதியில் நின்றுவிட்டாள். அடுத்து ஆடியவர்களும் தடுமாறினார்கள்.

நாச்சியார் ஓடிவந்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டாள்.

"வலியெல்லாம் இல்லக்கா. குடுத்த காசுக்குத் தேறுவாளான்னு யாரோ என்னையத் திருப்பித் திருப்பிப் பாக்குற மாதிரி இருக்கு."

மறுநாளே கட்டணத்தை நீக்கினாள் நாச்சியார். ஆனால் கட்டணம் என்றதும் கோபித்துக்கொண்டு போனவர்கள் திரும்பவில்லை. காசு கொடுத்துப் பார்த்தவர்களும் ஏமாந்து விலகிவிட்டார்கள். பலர் மெய்வளையை விற்றே விட்டிருந்தார்கள். வெறும் அரங்கை நோக்கி ஆட யாருக்கும் உடம்பு வணங்கவில்லை. எதிரலையில் பழகிய கால்கள் அவை. கடைசியில் போட்டிக் குழுவினர், கூலிக்கு ஆள் வைத்துப் பார்க்கச் செய்யலாம் என்றார்கள். நாச்சியாருக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் போட்டியே நின்றுவிடுமே என்று சம்மதித்தாள்.

அடுத்த ஆண்டு மெர்லின் முழுவதும் ஆடி முடித்தாள். ஓரடிகூடப் பிசகவில்லை. இறங்கி வந்தவளிடம், அலை வந்ததா என்று நாச்சியார் தயங்கிக் கேட்டாள்.

"வந்துச்சுக்கா. நெறையப் பேரு இருந்தாங்க." மெர்லின் வியர்வையைத் துடைத்தாள். "எல்லாருக்கும் எப்ப முடியும்னு இருந்துச்சு. ஆடிக்கிட்டே இருந்தேனா, எனக்கும் அப்படித்தான் தோணிருச்சு."

கோப்பை வாங்க அவள் பெயரை அழைத்தார்கள். கூலிக்குப் பார்த்தவர்கள் அதற்குள் மெய்வளையைக் கழற்றிவிட்டிருந்தார்கள்.