கசங்காத படுக்கை

"என் பெட்டி எங்க?"

மழையில் நனைந்தபடி அறைக்குள் நுழைந்தவள் அலறியே விட்டாள். ஹோட்டலின் மூன்றாம் மாடி மேற்பார்வையாளன் ஓடி வந்தான்.

"மேடம்... இந்த ரூம்ல நீங்களா தங்கியிருக்கீங்க?"

"இல்ல, ஜன்னல் வழியா குதிச்சேன்!"

"கட்டில்ல ஒரு கசங்கல்கூட இல்ல மேடம். ஆள் காலி பண்ணிட்டாங்க, அலமாரியில இருந்த பெட்டிய மறந்துட்டாங்கன்னு நெனச்சு... கீழ அனுப்பிட்டேன்."

அவள் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ் அவள். எழுந்ததுமே கை தானாக விரிப்பை இழுத்து மூலையைச் செருகிவிடும்.

அண்ணன் கொடுத்த பிறந்தநாள் பரிசு, இந்த மூன்று நாள். ஹோட்டலாக மாறிய நூறு வருடத்து மாளிகை! பளிங்குப் படியில் செருப்போடு ஏறலாமா என்று நேற்று தயங்கி நின்றாள். தலைக்கு மேலே அத்தனை பெரிய சரவிளக்கு... அண்ணாந்து பார்த்துக் கழுத்தே வலித்தது.

மேற்பார்வையாளன் குனிந்து விரிப்பின் மூலை மடிப்பைத் தொட்டான், ஏதோ அதிசயம் போல.

"பத்து வருஷமா இதான் என் வேலை. இப்படி மடிக்க எனக்கு வரல. சொல்லித் தர்றீங்களா?"

நிமிர்ந்தான். அம்மாடி, அந்தக் கண்கள்... மழை விட்ட வானம் போலத் தெளிவாக... அடியே, பெட்டியைக் கேட்க வந்தவள் நீ!

"கிண்டலா? நான் படுக்கை மடிக்கத்தான் லாயக்கு, இங்க தங்க லாயக்கில்லைன்னு சொல்றீங்க, அதானே?"

அவன் முகம் வாடிவிட்டது. சற்று நேரத்தில் பெட்டி வந்தது, அவன் வரவில்லை. மறுநாள் காலையும் வரவில்லை. அவள் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்து நடந்து கால் ஓய்ந்து போனாள். அவசரப்பட்டு வார்த்தையைக் கொட்டிவிட்டோமே...

லிஃப்ட் இயக்கும் அக்காவிடம் அவனைப் பற்றி மெல்லக் கேட்டாள்.

"விருந்தாளிகிட்ட வேலைக்கு மேல ஒரு வார்த்தை பேசினா எங்களுக்குச் சீட்டு கிழிஞ்சிடும்மா. அந்தத் தம்பி நேத்துலேர்ந்து சரியா சாப்பிடக்கூட இல்ல!"

அவ்வளவுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே வந்து சாவியை நீட்டினாள்.

"இன்னும் ஒரு நாள் இருக்கே மேடம்?" என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

"போதும்ங்க."

செய்தி எப்படித்தான் பறந்ததோ, படிகளில் தடதடவென்று இறங்கி வந்தான் அவன்.

"என் மேல கோபத்துலயா போறீங்க? நெஜமாவே ஆசைப்பட்டுத்தான் கேட்டேன்..."

"தெரியும். விருந்தாளியா இருந்தா நீங்க பேச மாட்டீங்களாமே? சாவியக் குடுத்துட்டேன். இப்பப் பேசுங்க."

அவன் அவள் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தான். ஒரு நாள் மாளிகை வாசத்தை விட்டுவிட்டாளா... எனக்காகவா?

"உங்கள... எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குங்க."

"இதைச் சொல்ல இவ்வளவு நேரமா?" என்றாள். "எனக்கும்தான்."