இடது பக்கக் கண்ணாடி

வெர்லின் ஹாகன் தன் வண்டியில் டிரெய்லர் வீட்டை இழுத்துக்கொண்டு ஏரிக்கரை முகாமுக்குள் நுழைந்தபோது வெயில் தணிந்திருந்தது. செப்டம்பர் கடைசி. பாதி இடங்கள் காலி. மீதிப் பேர் அடுப்பு மூட்டி, மடக்கு நாற்காலிகளைப் போட்டு, பீர் டப்பாக்களோடு உட்கார்ந்திருந்தார்கள். டிரெய்லரைக் கண்டதும் நாற்காலிகள் மெல்லப் பாதைப் பக்கம் திரும்பின.

அது எல்லா முகாமிலும் நடப்பதுதான். இருபத்தைந்து அடி டிரெய்லரை ஒருவன் பின்னால் தள்ளி நிறுத்துவதைப் பார்ப்பதைப்போல மாலை நேரத்துக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது.

"யோவ் வெர்லின்! மேஜையை நகர்த்தி வச்சுடட்டுமா?" என்றான் ராய்ஸ். பதினைந்து வருஷமாகப் பக்கத்து இடம் அவனுடையது.

"உன் நாற்காலியை நகர்த்திக்க."

எல்லாரும் சிரித்தார்கள். ராய்ஸின் மனைவி டோரீன் மட்டும் சிரிக்கவில்லை. அவள் வண்டியில் ஓட்டுகிறவனுக்கு வலது பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். அது காலியாக இருந்தது.

மேஜைக் கதை எல்லாருக்கும் தெரியும். இதே இடம்தான். டிரெய்லர் வாங்கிய முதல் கோடை. மனைவி ஆர்டிஸ் பின்னால் நின்று, "இடது பக்கம் ஒடி, இடது!" என்று கத்தினாள். டிரெய்லரின் வால் இடது பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடிக்க வேண்டும். அவளுக்கு அது தெரியும், அவனுக்கும் தெரியும். அவள் எந்த இடதைச் சொன்னாள் என்பதுதான் தெரியவில்லை. மேஜை இரண்டாகப் பிளந்தது. முகாமே கைதட்டியது. ஆர்டிஸ் டிரெய்லரின் பக்கவாட்டில் விறுவிறுவென்று நடந்து வந்தாள். அறையப்போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் ஜன்னல் கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டினாள். அவன் இறக்கினான்.

"ஏன்யா, நாம இன்னும் புருஷன் பொண்டாட்டிதானா?"

"இன்னிக்கு வரைக்கும்."

அதற்குப் பிறகு எந்த ஊரில் நிறுத்தினாலும் இரண்டு தட்டு, ஒரு கேள்வி, ஒரு பதில். அது முடிந்தால்தான் சாவியைத் திருப்பி வண்டியை அணைப்பான்.

பிப்ரவரியில் அவளுக்கு மூச்சு முட்டியபோது இதே வண்டியில்தான் கொண்டு போனான். ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியில் ஏற்றினார்கள். கையில் பிளாஸ்டிக் பட்டை கட்டினார்கள். "நீ வண்டியை நிறுத்திட்டு வா" என்றாள். பனி கொட்டிக்கொண்டிருந்தது. வண்டி நிறுத்துமிடம் நிரம்பி வழிந்தது. சுற்றிச் சுற்றி ஓர் இடம் கண்டுபிடித்து, நிறுத்திவிட்டு நடந்து வந்தபோது, நர்ஸ் கதவருகிலேயே நின்றிருந்தாள்.

அவளை அடக்கம் செய்தபின், மே மாதம் முதல் பயணத்தில் அவன் ஆர்டிஸைப் பார்த்தான்.

கண்ணாடியில் மட்டும். டிரெய்லர் வண்டியைவிட அகலம் என்பதால் வண்டியின் கண்ணாடிகள்மேல் நீட்டுக் கண்ணாடிகளை மாட்ட வேண்டும். இடது பக்க நீட்டுக் கண்ணாடியில், டிரெய்லரின் வால் முடியும் இடத்தில், சாலை வேலைக்காரர்கள் போடும் ஆரஞ்சுச் சட்டை தெரிந்தது. மங்கலில் கண்ணில் படுவதற்காக அவள் அதைத்தான் போட்டுக்கொள்வாள். கை அசைந்தது. வா. வா. ஒடி. நேர் பண்ணு. வா.

தலையைத் திருப்பிப் பார்த்தால் யாரும் இல்லை. கண்ணாடியில் மறுபடியும் அவள்.

அவள் வைத்த சட்டம் ஒன்று உண்டு. நான் தெரியறவரைக்கும் வா. நான் தெரியலைன்னா நின்னுடு. அவன் அவளைப் பார்த்துக்கொண்டே வந்தான். டிரெய்லர் சரியாக நிற்க வேண்டிய இடத்தில் அவள் இரண்டு கைகளையும் தலைக்குமேல் குறுக்கே வைத்தாள். நில். அதோடு மறைந்தாள்.

ஜன்னலை யாரும் தட்டவில்லை.

கோடை முழுக்க அப்படித்தான். அவள் முகம் அவன் பக்கம் திரும்பியதே இல்லை. டயரைப் பார்ப்பாள், தரையைப் பார்ப்பாள், கைகளைக் குறுக்கே வைப்பாள், மறைவாள். ஒவ்வொரு முறையும் அவன் வண்டியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

இதுதான் கடைசி முறை. அவன் வலது கண் மங்கிக்கொண்டு வந்தது. இனிமேல் டிரெய்லர் இழுக்கக் கூடாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். மகள் இணையத்தில் விளம்பரம் போட்டு ஓர் இளம் ஜோடியைப் பிடித்திருந்தாள். நாளை காலை அவர்கள் இங்கே வந்து டிரெய்லரை இழுத்துக்கொண்டு போவார்கள்.

வெர்லின் ரிவர்ஸ் போட்டான்.

ஆரஞ்சுச் சட்டை அங்கே நின்றது.

வா. வா. இடது. நேர். சரளைக்கல் டயருக்கடியில் நொறுங்கியது. டிரெய்லர் வழுக்கிக்கொண்டு போய்த் தன் இடத்தில் பொருந்தியது. அவள் கைகளைக் குறுக்கே வைத்தாள்.

அவள் மறையவில்லை.

ஓர் எட்டு வைத்தாள். அவனை நோக்கி. பிறகுதான் மறைந்தாள்.

வெர்லின் கியரில் கை வைத்தபடி இருந்தான். பின்பு டிரெய்லரை மறுபடியும் பாதைக்கு இழுத்தான்.

"நேராத்தானே நின்னுச்சு?" என்று யாரோ கேட்டார்கள்.

"பெரியவருக்கு மேஜை வேணுமாம்!"

சிரிப்பு.

இரண்டாம் முறை அவள் டிரெய்லரின் சக்கரங்கள்வரை வந்தாள். கால்கள் நடப்பதுபோலத் தெரியவில்லை. ஆனால் சரளைக்கல் நொறுங்கும் சத்தம் கேட்டது. வண்டி நின்றிருந்தது, டயர் உருளவில்லை. சத்தம் மட்டும் வந்தது.

அவன் மறுபடியும் இழுத்தான்.

இந்த முறை சிரிப்பு குறைவாக இருந்தது. ராய்ஸ் எழுந்து வந்து ஜன்னலருகே குனிந்தான்.

"யோவ், நான் உக்காந்து தள்ளட்டுமா? நீ இறங்கிக் கால் நீட்டு."

"வேணாம்."

"ரெண்டு தடவையும் கச்சிதமா நின்னுச்சுய்யா. எதுக்கு எடுத்த?"

"கொஞ்சம் தள்ளி நிறுத்தணும்."

ராய்ஸ் அவனைப் பார்த்தான். "சரி. நான் பின்னால நின்னு சொல்றேன்" என்றான்.

வேண்டாமென்று சொல்வதற்குள் போய்விட்டான். இடது பக்கம், வாலருகே நின்றான். கண்ணாடியில் அவன் தொப்பி தெரிந்தது. அவனுக்குப் பின்னால், அவன் தோளை உரசுகிற மாதிரி, ஆரஞ்சுச் சட்டை தெரிந்தது. அவன் கையை ஆட்டினான். பின்னாலிருந்த கையும் அதேபோல ஆடியது.

ராய்ஸின் கை பாதியில் நின்றது. கழுத்தைத் தடவிக்கொண்டான். திரும்பிப் பார்த்தான். ஓரிரு நொடி அங்கேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வேகமாக நடந்து வந்தான்.

"என்னமோ குளிருதுய்யா அங்க." குரல் தணிந்திருந்தது. "ஆஸ்பத்திரி வாடை அடிக்குது. உன் கழிவுத் தொட்டில ஏதாவது மருந்து ஊத்தினியா?"

"இல்ல."

ராய்ஸ் நாற்காலிக்குப் போகாமல் நேராகத் தன் டிரெய்லருக்குள் போனான். டோரீன் அடுப்பை அணைத்துவிட்டு அவன் பின்னால் போனாள். ஒவ்வொருவராக மற்றவர்களும் எழுந்தார்கள்.

ஏரி கறுத்தது. மரங்கள் கறுத்தன. டிரெய்லரின் வால் விளக்கு மட்டும் சிவப்பாகச் சரளைமேல் விழுந்தது.

வெர்லின் பின்னால் வந்தான்.

வா. வா. நேர். வா.

நில்.

கைகள் இறங்கின. அவள் நடந்தாள்.

சக்கரத்தைத் தாண்டினாள்.

டிரெய்லரின் முன் ஜன்னலைத் தாண்டினாள். இப்போது மணிக்கட்டு தெரிந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை இன்னும் அதில் இருந்தது. தலைமுடி ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது. அதில் பனி உருகிக்கொண்டிருந்தது. கண்கள் தரையில் இருந்தன.

டிரெய்லரை வண்டியோடு பிணைக்கும் கொக்கியையும் சங்கிலிகளையும் தாண்டினாள்.

கண்ணாடி முழுக்க ஆரஞ்சு நிறம்.

பிறகு கண்ணாடியின் ஓரம் அவளை விழுங்கியது. அந்த ஓரத்துக்கும் ஜன்னலுக்கும் நடுவே எந்தக் கண்ணாடிக்கும் சிக்காத ஓர் இடம் இருக்கிறது. எல்லா வண்டியிலும் இருக்கிறது. அவள் அங்கே இருந்தாள்.

சரளை நொறுங்கியது. ஒரு முறை.

இன்னொரு முறை.

அவன் திரும்பவில்லை. திரும்பினால் இருக்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். கதவின் இரும்பு குளிர்ந்தது. இடது கன்னம் குளிர்ந்தது. ஸ்பிரிட் வாடை, அதற்கடியில் அவள் கைக்குப் போடும் லாவெண்டர் களிம்பின் வாடை.

ஜன்னலில் இரண்டு தட்டு.

பதில் அவன் நாக்கிலேயே இருந்தது. பிப்ரவரியிலிருந்து இருந்தது. பொத்தானை அழுத்தினான். கண்ணாடி இறங்கியது.

ஏரிக்காற்று உள்ளே வந்தது. வேறெதுவும் வரவில்லை.

"ஆர்டிஸ்."

தண்ணீர் கரையைத் தொட்டுவிட்டுப் போனது.

"கேளு" என்றான். "நிறுத்திட்டேன். கேளு."

அதன்பின் எத்தனையோ முறை வண்டியை இழுத்தான், பின்னால் தள்ளினான். கண்ணாடியில் டிரெய்லரும் இருட்டும் மட்டும் இருந்தன. அவள் தெரியாதபோது நின்றுவிட வேண்டும் என்பது சட்டம். கடைசியில் நின்றான்.

காலையில் டோரீன் மூடி போட்ட பாத்திரத்தைக் கொண்டு வந்தாள். இறைச்சிமேல் உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கிச் சுட்டது, ஆர்டிஸின் பக்குவம். அவனிடம் நீட்டிவிட்டு, "ராய்ஸ் ராத்திரி பூரா தூங்கல" என்றாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

வாங்குகிறவர்கள் வந்தார்கள். கேலப், மேரன். இருவருக்கும் முப்பது வயதுகூட இருக்காது. புது எஸ்.யூ.வி. வெர்லின் தன் கொக்கியைக் கழற்றினான். கேலப் தன் வண்டியில் மாட்டினான். சங்கிலிகளை நேராகப் போட்டிருந்தான். வெர்லின் குனிந்து அவற்றைக் குறுக்கே மாற்றிப் போட்டான். நீட்டுக் கண்ணாடிகளையும் தன் வண்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். இடது பக்கத்ததைக் கழற்றக் கொஞ்சம் நேரமானது.

"ஒரு தடவை இங்கயே நிறுத்திப் பாரு" என்றாள் மேரன். "நாளைக்கு எங்க அப்பா முன்னாடி மானம் போகக் கூடாது."

"நீ ஒழுங்கா கை காட்டுனா ஏன் போகுது?"

"நீ ஒழுங்கா என்னைப் பாரு, மொதல்ல."

அவள் வலது பக்கம் போய் நின்றாள். தப்பான பக்கம். ஓட்டுகிறவனுக்கு அங்கே பாதிதான் தெரியும். சொல்லலாம் என்று வெர்லின் வாயைத் திறப்பதற்குள் கேலப் ரிவர்ஸ் போட்டுவிட்டான்.

டிரெய்லர் ஒரே மூச்சில் வந்தது. ஒரு திருத்தம்கூட இல்லை. வழுக்கிக்கொண்டு தன் இடத்தில் பொருந்தியது.

வெர்லின் புல்லில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். டிரெய்லரின் இடது பக்கச் சரளை முழுக்க அவன் கண்ணெதிரே இருந்தது. வெறும் சரளை. வெயில்.

கேலப் ஜன்னலை இறக்கினான். தலையை வெளியே நீட்டினான். எதற்கோ காது கொடுத்தான். சிரித்தான். பதில் சொன்னான்.

பிறகு இறங்கி வந்தான். முகமெல்லாம் பூரிப்பு.

"உங்க வீட்டம்மாவா சார்? பிரமாதமா கை காட்டுறாங்க. என் பொண்டாட்டிக்குக் கொஞ்சம் கத்துக்கொடுக்கச் சொல்லுங்க."

"யாரு?" என்றாள் மேரன்.

"ஆரஞ்சுச் சட்டை போட்டவங்க. ஜன்னலைத் தட்டி, நீங்க இன்னும் புருஷன் பொண்டாட்டிதானான்னு கேட்டாங்க. செம நக்கல்."

"நீ என்ன சொன்ன?" வெர்லின் கேட்டான்.

"ஆமான்னேன்."

"அவ?"

"சிரிச்சாங்க."

"சிரிச்சாளா?"

"ஆமா." கேலப் அவன் முகத்தைப் பார்த்துத் தயங்கினான். "ஏன் சார்?"

வெர்லின் தன் வண்டியைப் பார்த்தான். ஓட்டுநர் பக்க ஜன்னலின் தூசியில், தோளுயரத்தில், விரல் முட்டி அளவில் இரண்டு வட்டங்கள் இருந்தன. டிரெய்லரை விற்க மாட்டேன் என்று சொல்லலாம். சொல்லிவிட்டு அதை வீட்டுக்குப் பின்னால் நிறுத்தி வைக்கலாம். நிற்கிற டிரெய்லருக்குக் கை காட்ட யாரும் வர மாட்டார்கள்.

"அடுத்த தடவை கேட்டா, ஆமான்னு சொல்லாத" என்றான். "'இன்னிக்கு வரைக்கும்'னு சொல்லு."

"நீங்களே சொல்லலாமே சார். அவங்க அந்தப் பக்கம்தான் போனாங்க."

"என்கிட்ட அவ கேக்க மாட்டா. நான் இனிமே டிரெய்லர் இழுக்கறதில்ல."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வயசானவர் என்று நினைத்திருப்பார்கள். மேரன் அவனிடம் கை குலுக்கினாள். கேலப் சாவியை வாங்கிக்கொண்டான்.

டிரெய்லர் பாதையில் ஏறியது. சங்கிலிகள் குலுங்கின. வாசல் கம்பத்தருகே வண்டி நின்றது. போக வழி இருந்தது. எதிரே யாரும் இல்லை. ஆனாலும் நின்றது.

கேலப் இடது பக்கம் திரும்பி, இறக்கியிருந்த ஜன்னல் வழியாக வெளியே ஏதோ சொன்னான்.

மேரன் அவனுக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தாள்.