ஒரு மூடி கிருமிநாசினி

"இருபது வருஷமா சோப்பு காய்ச்சுறியே அக்கா, சாம்பல் போட்ட கறுப்பு சோப்பைப் பச்சைப்புள்ள தோல் தாங்குமான்னு யோசிச்சியா?"

விடிந்ததும் விடியாததுமாக ஆம்போன்சா ஆரம்பித்துவிட்டான். அக்கா அஃப்ரியே சோளக் கஞ்சியை இறக்கி வைத்துவிட்டுத் தன் துணிகளைப் பைக்குள் அடைத்தாள். தம்பி மகளைக் குளிப்பாட்டுவதற்கென்றே டெச்சிமான் சந்தையில் கடையைப் பூட்டிவிட்டு வந்து மூன்று வாரம் ஆகிறது. வந்த நாளிலிருந்து தம்பி மனைவி செர்வாவை அடுப்புப் பக்கமே விட்டதில்லை. அதற்குக் கிடைத்த மரியாதை இது.

செர்வா குழந்தை அபெனாவை மடியில் கிடத்தி, தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் அக்குளிலும் தொடை இடுக்கிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது. நேற்று ஆஸ்பத்திரியில், "என்ன போட்டுக் குளிப்பாட்டுறீங்க?" என்று நர்ஸ் கேட்டபோது ஆம்போன்சாதான் முந்திக்கொண்டு, "எங்க அக்கா சோப்பு" என்றான். செர்வா குனிந்து குழந்தைக்குத் துணியைச் சுற்றினாள். "இந்த வயசுக்கு வெதுவெதுப்பான வெறும் தண்ணியே போதும். காரமான சோப்பு, வாசனைத் தண்ணி, கிருமிநாசினி எதுவும் வேணாம்" என்று நர்ஸ் சொன்னது காதைச் சுட்டது.

தினமும் அண்ணி அஃப்ரியே குளிப்பாட்டிவிட்டுத் துணி துவைக்கப் போனதும், கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீர்கூடக் கலக்காமல் ஒரு மூடி கிருமிநாசினியைப் பஞ்சில் ஊற்றி அந்த இடுக்குகளைத் துடைத்தவள் செர்வா. அந்த ஊரில் யார் உடம்பிலாவது வாடை வந்தால், பிறந்தபோது குளிப்பாட்டியவளைத்தான் ஏசுவார்கள்.

"ஆஸ்பத்திரியில குடுத்த மருந்தை மறக்காம போடு செர்வா. நான் கிளம்புறேன்..." அஃப்ரியே பையைத் தூக்கினாள்.

செர்வா நிமிர்ந்தாள். இப்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தால் தானும் ஒரு மனுஷியா?

"போகாதீங்க அண்ணி... உங்க சோப்பு இல்ல. நான்தான், கிருமிநாசினிய அப்படியே போட்டுத் தேய்ச்சேன்."

ஆம்போன்சா திகைத்தான். "எதுக்குடி?"

"பள்ளிக்கூடத்துல என் பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க. நாத்தம் புடிச்சவ, அவங்கம்மா ஒழுங்கா குளிப்பாட்டலன்னு செத்துப்போன எங்கம்மாவப் பேசுவாங்க... என் மகளுக்கு அந்தப் பேரு வேணாம்னு நெனைச்சேன். நேத்து நர்ஸ்கிட்டயே சொல்லியிருக்கணும். சொன்னா இந்தக் கதை உங்களுக்கும் தெரிஞ்சிடுமேன்னு... உங்கமேல பழி விழுந்தும் பேசாம இருந்துட்டேன்." மேல்துணியில் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அக்கா..." என்று தடுமாறினான் ஆம்போன்சா.

"நீ அப்புறம் பேசு" என்று அஃப்ரியே பையைக் கீழே வைத்தாள். "என் சோப்பும் சின்னப்புள்ளைக்குக் காரந்தான். ரெண்டையும் நிறுத்துவோம்."

செர்வாவின் அருகில் உட்கார்ந்து, துணியை விலக்கி, அவள் கழுத்தோரம் முகத்தைப் பதித்தாள். சந்தையில் மீன் வாங்குகிறவளைப் போல அவசரமில்லாமல் மோந்து பார்த்தாள். செர்வா வெட்கத்தில் சுருங்கி விலகப் போனாள். அஃப்ரியே விடாமல் அணைத்துக்கொண்டாள்.

"பால் வாசந்தான் வருது" என்றாள்.