அழித்தது பத்திரமாக உள்ளது

பல் துலக்கிக்கொண்டே நன்மாறன் தன் மேற்பார்வையாளருக்கு ஒரு செய்தி சொன்னான். அதில் மேற்பார்வையாளரின் மூளையைப் பற்றி இரண்டு வாக்கியங்களும், அந்த மூளையை எங்கே வைக்கலாம் என்பதைப் பற்றி ஒரு வாக்கியமும் இருந்தன. வாயைக் கொப்பளித்ததும் கோபம் தணிந்துவிட்டது. "அழி" என்றான்.

"அழித்தாயிற்று. பத்திரமாக உள்ளது" என்றது குளியலறைச் சுவர்.

பனிக்குடியில் எல்லா வீட்டுச் சுவர்களும் தினமும் இதைத்தான் சொல்லும். சீரிஸ் என்னும் சிறுகோளின் பனியைக் குடைந்து கட்டிய அந்த ஊரில் அப்போது பதினோராயிரம் பேர் இருந்தார்கள். அறுபது ஆண்டுகளுக்கு முன், காற்று நிலையத்தில் ஒருவர் தன் தவறு வெளியே தெரியக் கூடாது என்று ஒரே ஒரு குறிப்பை அழித்தார். பழுதான வால்வு எது என்று அடுத்து வந்தவருக்குத் தெரியாமல் போயிற்று. நாற்பத்திரண்டு பேர் மூச்சு முட்டிச் செத்தார்கள். அதன் பிறகு வந்ததுதான் அழியாமைச் சட்டம். எதை அழித்தாலும் அது அழித்தவரின் மறைவறைக்குப் போய்விடும். மறைவறை என்றால் அறை இல்லை, ஊர் நினைவகத்தில் ஆளுக்கொரு மூலை. அவரவர் குரலே அதற்குப் பூட்டு. சொல்ல வந்து சொல்லாமல் விட்டதெல்லாம் அங்கே கிடக்கும். யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. வீட்டில் குப்பைத்தொட்டி இருக்கிறதே என்று யாராவது கவலைப்படுவார்களா?

நன்மாறனுக்கு அடுத்தவர் குப்பைத்தொட்டி என்றால் உயிர். பிழைப்புக்குப் பனி துளைத்தான். மீதி நேரமெல்லாம் அவன் ஒரு மீட்பாளன்.

மீட்பாளர்கள் யார் என்று சொல்லிவிட வேண்டும். பனிக்குடியில் மக்கள் ஆட்டங்களைத் திரையில் ஆடுவதில்லை. கழுத்தின் பின்னால் பதித்த பிடரிச்சில்லு வழியாக ஆட்டத்துக்குள்ளேயே போய்விடுவார்கள். மழை தெரியாத ஊரில் மழையில் நனைவதற்கு வேறு வழி கிடையாது. இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆட்டங்களைச் செய்துவந்த ஒரு நிறுவனம், 'ஏழாம் மதகு' என்று ஓர் ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு மூடப்பட்டது. பூமியில் வெள்ளம் சூழும் ஒரு கிராமம். ஆறு மதகுகளைத் திறக்கலாம், ஏழாவது திறக்காது. வேலை முடியாததால் செய்தவர்களின் பெயர்ப்பட்டியல்கூட அதில் கிடையாது. மூடிய நிறுவனத்தின் மறைவறைக்குப் பூட்டு இல்லை என்பதால் நன்மாறனும் அவன் குழுவும் உள்ளே புகுந்தார்கள். நீக்கப்பட்ட காட்சிகள், ஆளில்லாத வீடுகள், வாயில்லாத வசனங்கள் என்று கிடைத்ததையெல்லாம் துடைத்து ஆட்டத்தில் திரும்பப் பொருத்தினார்கள். சொந்தமாக ஒரு சொல்கூடச் சேர்க்கக் கூடாது, கிடைத்ததில் ஒரு சொல்லைக்கூட விடக் கூடாது. இந்த இரண்டும் குழுவின் விதிகள். இரண்டையும் எழுதியவன் நன்மாறன்தான்.

அவன் அதோடு நிற்கவில்லை. நிறுவனங்கள் ஓர் ஆட்டத்தை வெளியிட்டுவிட்டுப் பிறகு திரும்பப் பெற்று மறைப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. ஊர் மன்றத்துக்கு மனுமேல் மனுப்போட்டுச் சட்டத்தில் ஒரு பிரிவையே சேர்க்க வைத்தான். பொதுவில் வைத்ததைத் திரும்பப் பெறுபவர், அது தொடர்பாக அழித்த அனைத்தையும் பொதுவில் வைத்தவராகக் கருதப்படுவார். ஒன்பதாம் பிரிவு. அது நிறைவேறிய அன்று அவன் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தான்.

ஒன்பது மாத உழைப்பில் அவன் செவந்தியை மீட்டான். மதகுக்காரரின் மகள், பத்தொன்பது வயது. ஆட்டத்திலிருந்து அடியோடு எடுக்கப்பட்ட பாத்திரம். ஆடுபவர் அவள் வீட்டுக்கு விருந்தாளியாகப் போவார். பச்சைக் கதவின் இடுக்கில் ஒரு சிறுவன் எட்டிப் பார்ப்பான். யார் என்று கேட்டால் செவந்தி சிரிப்பாள்: "அவனா? வீட்டு வேலைக்கு நிக்கிற பையன்." கதவு மெல்லச் சாத்திக்கொள்ளும். உள்ளே ஒரு தட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்கும். அவ்வளவுதான் காட்சி. ஆனால் வீட்டுச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கும். அதில் அந்தப் பையனின் தோளில் கைபோட்டு நிற்பாள் செவந்தி. பையன் அவள் தம்பி.

ஒரே வாரத்தில் ஒன்பதாயிரம் பேர் அந்த வீட்டுக்குள் போய்வந்தார்கள். பலர் அழுதார்கள். நன்மாறன் தெருவில் நடந்தால் ஆட்கள் நின்று வணங்கினார்கள். அவனும் வேண்டுமென்றே கொஞ்சம் மெதுவாக நடந்தான்.

பனி துளைக்க வெளியே போகிறவர்கள் காற்றறையைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே கவச உடையைச் சோதிப்பவர் தில்லைநாயகி. அறுபத்தொரு வயது. உடையின் கழுத்து வளையத்தை அவர் இரண்டு முறை திருகிப் பார்த்துச் சரி என்றால்தான் கதவு திறக்கும். நன்மாறனை ஒன்பது ஆண்டுகளாக அவர் "தம்பி" என்றுதான் கூப்பிட்டார். செவந்தி வெளிவந்த ஐந்தாம் வாரம் அது மாறியது.

"கையைத் தூக்குங்க, சார்."

"என்னம்மா, புதுசா சார்ங்கிறீங்க?"

"ஊரே கொண்டாடுது. உங்களைப் போய்த் தம்பின்னு கூப்பிட்டா நல்லா இருக்குமா?"

அவர் கழுத்து வளையத்தைத் திருகினார். பிறகு அவன் முகத்தைப் பார்க்காமல், தாழ்ந்த குரலில் சொன்னார்: "அவனா? வீட்டு வேலைக்கு நிக்கிற பையன்."

நன்மாறன் ஒன்பது மாதம் இரைச்சல் நீக்கி, எழுத்து எழுத்தாகத் துடைத்த குரல் அது. வயதேறிக் கரகரத்திருந்தது, ஆனால் அதேதான். ஒன்பது ஆண்டுகளாகத் தினமும் கேட்ட குரலை இந்தக் காதுகள் எப்படித் தவறவிட்டன என்று அவனுக்கு விளங்கவில்லை.

"நடிகை வர்றவரைக்கும் எழுதினவங்களே பேசி வைக்கிறது அப்ப வழக்கம்" என்றார் தில்லைநாயகி. "நான்தான் எழுதினேன். நான்தான் பேசினேன். நான்தான் நீக்கினேன்."

"நல்ல காட்சிம்மா அது. ஏன் எடுத்தீங்க?"

"அந்தப் பச்சைக் கதவு எங்க வீட்டுக் கதவு. அந்தப் பையன் என் தம்பி குமணன். அவனுக்குத் திக்குவாய். காலேஜ்ல இருந்து பெரிய வீட்டுப் பிள்ளைங்க நாலு பேர் வந்தாங்க. நான் அப்படிச் சொல்லிட்டேன். உள்ளே தட்டு வைக்கிற சத்தம் கேட்டுச்சு. அவனுக்குக் கேட்டிருச்சுன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியாது. நாப்பத்திரண்டு வருசம் அதை வச்சுத்தான் நாங்க அக்கா தம்பியா இருந்தோம்."

நன்மாறன் தூக்கிய கையை இறக்காமலே நின்றான்.

"அதை எப்படியாவது இறக்கி வைக்கணும்னு எழுதினேன். அப்புறம், இவன் ஆடுவானேன்னு பயந்து எடுத்துட்டேன். இப்ப ஆடிட்டான். தட்டுச் சத்தத்தையும் கேட்டுட்டான். கீரைப் பண்ணையில வேலை. புதன்கிழமை ஆனா ஒரு கட்டோட வந்து நிப்பான். நாலு புதன் ஆச்சு, வரலை. கூப்பிட்டாலும் எடுக்கலை."

அவர் வளையத்தை இரண்டாவது முறையும் திருகிப் பார்த்தார். "மூச்சை இழுத்து விடுங்க. சரி. போங்க."

அவர் திட்டியிருந்தால் நன்மாறன் தாங்கியிருப்பான். வழக்கம்போல இரண்டாவது தடவையும் சோதித்தாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அன்று முழுவதும் துளைப்பொறியின் கூண்டில் உட்கார்ந்து பனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏன் எடுத்தார்கள் என்று ஒன்பது மாதத்தில் ஒருநாளாவது தன்னையே கேட்டிருக்கலாம். 'நேரம் இல்லாமல் எடுத்திருப்பார்கள்' என்று குறிப்பில் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தான். வெட்கத்தில் அவன் காதுகள் சுட்டன.

அன்று மாலையே செவந்தியைத் திரும்பப் பெற்றான். குழுவில் அவனுக்கு அடுத்தவள் பூவரசி. உடனே கூப்பிட்டாள்.

"அண்ணே, யாராவது மிரட்டினாங்களா?"

"இல்லம்மா. அது நம்மளுது இல்ல, அவ்வளவுதான்."

"கிடைச்சதுல ஒரு சொல்லைக்கூட விடக் கூடாதுன்னு எழுதினது நீங்க."

"எழுதினேன்."

"அப்ப காரணத்தைச் சொல்லுங்க."

காரணம் சொன்னால் தில்லைநாயகியை இன்னொரு முறை அம்பலத்தில் நிறுத்த வேண்டும். அவன் சொல்லவில்லை. பூவரசி பெருமூச்சு விட்டாள்.

பிறகு மன்னிப்புக் கடிதம். பெயர் போடாமல் "அம்மா" என்று மட்டும் தொடங்கி, வீட்டுச் சுவரிடம் சொல்லச் சொல்ல, சுவர் எழுதிக்கொண்டது. முதல் வரைவில், நிறுவனம் பூட்டு வைக்காமல் போனதுதான் தவறு என்றான். அழி. மூன்றாவதில் கலை தனிச்சொத்து இல்லை என்றான். அழி. ஐந்தாவதில் தன் ஒன்பது மாத உழைப்பைப் பற்றிச் சொல்லி, தானே நெகிழ்ந்து மூக்கை உறிஞ்சினான். அழி. ஏழாவதில் ஏனென்று தெரியாமல் வேறு எதையோ சொன்னான்.

'அம்மா, என் அப்பா கழிவுநீர்ப் பிரிவில் இருந்தார். நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒருநாள் வேலை உடுப்போடு பள்ளி வாசலுக்கு வந்தார். யாரென்று கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்றேன். அப்பா சிரித்தபடி, ஆமாம், பக்கத்து வீடுதான் என்றார். உங்கள் காட்சியை ஒன்பது மாதம் துடைத்தேன். ஒருமுறைகூட எனக்கு அந்தப் பள்ளி வாசல் நினைவுக்கு வரவில்லை.'

கேட்டுப் பார்த்தான். கூசியது. மன்னிப்புக் கடிதத்தில் சொந்தக் கதை எதற்கு என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு, "அழி" என்றான். பதினோராவது வரைவில் நான்கே வரிகள் மிஞ்சின. தவறு என்னுடையது, மன்னித்துவிடுங்கள் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. அனுப்பினான். பதில் வரவில்லை. காற்றறையில் "சார்" தொடர்ந்தது.

பன்னிரண்டாம் நாள் பூவரசி ஒரு புதிய மீட்புத்தொகுப்பை வெளியிட்டாள். அதன் பெயர் 'மன்னிப்பு: முழுமைப் பதிப்பு'. திரும்பப் பெற்ற படைப்பு, அது தொடர்பாக அழித்த அனைத்தும், ஒன்பதாம் பிரிவு. எல்லாம் சட்டப்படி. அழித்த பத்து வரைவுகளும் அவன் குரலிலேயே இருந்தன. இருமலைத் துடைத்திருந்தார்கள். மூக்கை உறிஞ்சியதை மட்டும் அப்படியே விட்டிருந்தார்கள். பிடரிச்சில்லு வழியாகப் போனால் நன்மாறனின் அறையில், அவனுக்கு எதிரே உட்கார்ந்தே கேட்கலாம். சொந்தமாக ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை என்று பூவரசி முன்னுரையில் பெருமையோடு குறிப்பிட்டிருந்தாள். 'எங்கள் ஆசானுக்குக் காணிக்கை' என்றும் போட்டிருந்தாள். அந்தப் பெண் அதை உண்மையான அன்போடுதான் செய்தாள்.

மூன்று நாளில் எட்டாயிரம் பேர் கேட்டார்கள். ஐந்தாவது வரைவுக்குச் சிரித்தார்கள். தெருவில் ஆட்கள் அவனைப் பார்த்ததும் மூக்கை உறிஞ்சிக் காட்டினார்கள். ஏழாவதைக் கேட்டவர்கள் அவனைப் பார்க்காமல் கடந்து போனார்கள். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. மூன்றாம் தளத்தில், முட்டிவலியோடு தனியாக இருந்த அப்பாவிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை.

நான்காம் நாள் காலை காற்றறையில் தலையைக் குனிந்துகொண்டு கையைத் தூக்கினான். தில்லைநாயகி வளையத்தைத் திருகினார்.

"தம்பி" என்றார்.

நன்மாறன் நிமிர்ந்தான்.

"அந்த ஏழாவது நல்லா இருந்துச்சு. அதை ஏன் எடுத்தீங்க?"

"நீங்களுமாம்மா கேட்டீங்க?"

தில்லைநாயகியின் முகம் சிவந்தது. அவன் கண்ணைப் பார்க்க அவரால் முடியவில்லை. "கேட்கக் கூடாதுதான். எனக்கே தெரியும். குமணன்தான் அனுப்பினான். இத்தனை வாரமா ஒரு வார்த்தை பேசாதவன், 'அக்கா, ஏழாவதைக் கேளு'ன்னு அனுப்பியிருந்தான். அனுப்பினவனே ராத்திரி கூப்பிட்டான். ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினோம்."

"உங்களைப் பத்தியா?"

"இல்ல தம்பி" என்றார் அவர், இன்னும் சிவந்து. "உங்களைப் பத்தி."

இரண்டாவது முறை திருகிப் பார்த்தார். "அப்பாகிட்ட பேசினீங்களா?"

"இல்லம்மா."

"பேசுங்க. மூச்சை இழுத்து விடுங்க. சரி. போங்க. நாளைக்குப் புதன், கீரை வரும். உங்களுக்கும் ஒரு கட்டு எடுத்து வைக்கிறேன்."

துளைப்பொறியின் கூண்டில் உட்கார்ந்து நன்மாறன் அப்பாவுக்குச் செய்தி சொல்லத் தொடங்கினான். கூண்டுச் சுவரும் எழுதிக்கொள்ளும் சுவர்தான். "அப்பா" என்றான். சற்று நிறுத்தினான். "பள்ளி வாசல்ல அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றான். மறுபடி நிறுத்தினான். முதல் நிறுத்தம் தானாக வந்தது. இரண்டாவது நிறுத்தம் கொஞ்சம் நீளமாகவே இருந்தது. கேட்பவர்களுக்கு அங்கே கண் கலங்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

கேட்பவர்கள்! செய்தி போவது ஒரே ஒரு கிழவருக்கு. அவனோ அதற்குள் எட்டாயிரம் பேருக்காக நிறுத்தி நிறுத்திப் பேசிக்கொண்டிருக்கிறான். பள்ளி வாசலில் நின்றபோதுகூட அவன் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

"அழி" என்றான்.

"அழித்தாயிற்று" என்றது சுவர். "பத்திரமாக உள்ளது."

நன்மாறன் துளைப்பொறியை முடுக்கினான். பிறகு, அந்த 'அழி'யை இன்னும் கொஞ்சம் உருக்கமாகச் சொல்லியிருக்கலாமோ என்று யோசித்தான்.