இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

"அது உங்களுக்கு ஆவாது, சார்."

மார்த்தாண்டத்தில் அப்பா ஜஸ்டஸ் நடத்தும் துப்பாக்கிக் கடையில் நின்று ஜெஸ்பின் இப்படிச் சொன்னதும், வந்தவன் நிமிர்ந்தான். அடடா... என்ன கண்கள்! இமையில் இன்னும் மழைத்துளி. ஆனால் பார்வையில் கோபம்.

லைசென்ஸ் புத்தகத்தில் பெயர் ஷாஜன். பேச்சிப்பாறையில் ரப்பர் தோட்டம். ஸ்கீட் போட்டியில் பறக்கும் களிமண் தட்டுகளைச் சுட வேண்டுமாம். அனுமதி கிடைத்தால் எப்போதாவது மரச்சீனிக் கிழங்கைத் தோண்டும் காட்டுப்பன்றியையும். இரண்டுக்கும் ஒரே துப்பாக்கி. பிடித்து நின்றதோ கடையிலேயே நீளமான ஒற்றைக்குழல்!

"ஏன் ஆவாது?"

"ஸ்கீட் தட்டு பக்கத்துலயாக்கும் பறக்கும். ஈய ரவை விரிஞ்சு போவணும். இந்த இரட்டைக்குழல எடுங்க. குழல் வாயில இருக்க சோக்குங்குற சின்னக் குழாய கழத்தி மாத்தலாம். தட்டுக்கு விரிஞ்சது, பன்னிக்கு ஒடுங்கினது."

"பெரிய வாத்தியாரம்மா!" முணுமுணுத்தபடி வாங்கி வலது தோளில் வைத்துக் குறிபார்த்தான். ஜெஸ்பின் அவன் முகத்தையே கவனித்தாள்.

"தப்புற ரவை எப்பவும் இடது பக்கமாத்தானே போவுது?"

அவன் முகம் வெளுத்தது. "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒங்க கண்ண ஒருக்கா சோதிச்சா..."

"எனக்க கண்ணுக்கு ஒரு குறையும் இல்ல!"

துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு, கொட்டும் மழையில் இறங்கிப் போய்விட்டான். ஜெஸ்பினுக்கு அழுகையே வந்துவிட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் என்ன? இனி வருவானா...

மறுநாள் காலை, கடை திறந்ததும் வந்து நின்றான்.

"நேத்து கத்தினதுக்கு மன்னிக்கணும். எனக்க அப்பாக்கு முப்பது வயசுல வலது கண்ணு போச்சு. எனக்கும் இப்போ முப்பதாக்கும். தட்டு தட்டா தப்ப விட்டுட்டு, துப்பாக்கி மேல பழி போட்டுட்டு நடக்கேன். டாக்டர்ட போவவும் பயம்..."

பாவம்! இதைச் சுமந்துகொண்டா அவ்வளவு வீறாப்பு?

"கைய நீட்டுங்க. ரெண்டு கையும் சேத்து நடுவுல சின்ன ஓட்ட விடுங்க. அது வழியா எனக்க கண்ண பாருங்க."

பார்த்தான். விரல்களின் இடைவெளியில் ஒரே ஒரு கண். அவளுக்கு மூச்சே நின்றது.

"இன்னொரு தடவ... இன்னும் ஒரு தடவ."

பிறகு அவன் இடது கண்ணைப் பொத்தச் சொல்லி, தூரத்து அலமாரியில் இருந்த தோட்டாப் பெட்டியின் பொடி எழுத்தை வாசிக்கச் சொன்னாள். தடங்கலில்லாமல் வாசித்தான்!

"வலது கண்ணு நல்லாத்தான் இருக்கு, சார். ஒங்களுக்கு முந்திட்டு வர்றது இடது கண்ணு. அது குறி பாக்குது, துப்பாக்கியோ வலது தோள்ல இருக்கு. பின்ன எப்படி தட்டு உடையும்? இடது தோள்ல வச்சுப் பழகுங்க. டாக்டர்ட்டயும் ஒருக்கா காட்டிருங்க, பயம் முழுசா போவட்டும்."

ஷாஜன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். எத்தனை மாதத்துப் பாரம்! பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கும் நெஞ்சு லேசாகிவிட்டது.

இடது தோளுக்கும் பொருந்தும் இரட்டைக்குழலை அவளே எடுத்து, ரசீதில் 'ஜெஸ்பின்' என்று கையெழுத்திட்டுக் கொடுத்தாள். வாங்கியவன் நகரவில்லை.

"ஒரு சந்தேகம். எந்தக் கண்ணுன்னு தெரிய மூணு தடவ பாக்கணுமா?"

அவள் கன்னம் சிவந்தது. பொய் வரவில்லை.

"முதல் தடவையே தெரிஞ்சு போச்சு."

"அப்போ மத்த ரெண்டும்?"

"அது... எனக்காக. எனக்கு ஒங்கள பிடிச்சிருக்கு. போதுமா?"

ஷாஜன் குனிந்து சிரித்தான்.

"நேத்து கோவத்துல போனவன் பாதி வழி, குலசேகரம் கூட தாண்டல, ஜெஸ்பின். அதுக்குள்ள திரும்பி வர ஒரு காரணம் தேடத் தொடங்கிட்டேன். கண்ணுப் பயம் பாதியாக்கும். மீதி... நீதான்."