முகாரிக்கு ஒரு வில்லை

சனிக்கோளின் நிலவான டைட்டனில், மனிதக் குடியிருப்பின் சங்கீத சபையில் கச்சேரிக்கு முந்தைய போதை விநியோகம் நடந்துகொண்டிருந்தது. 'பரிமாறி' என்ற ரோபோ வரிசை வரிசையாக நகர்ந்து, ஒவ்வொருவர் நாக்கிலும் ஓர் உருக்கி வில்லையை வைத்தது. குழந்தைகளுக்கு மட்டும் பாதி.

உருக்கி ஒன்றும் பெரிய மந்திரமில்லை. மூளையில் காதுக்கும் கண்ணுக்கும் நடுவே இருக்கும் சுவரை அது கொஞ்ச நேரம் கரைத்துவிடும். அப்புறம் ஸ்வரங்களைக் கண்ணாலேயே பார்க்கலாம். பைரவி மயில்கழுத்து நிறத்தில் வழியும். தாளம் முதுகில் மழையாக விழும். ரசிகர்கள் தேம்பித் தேம்பி அழுதுவிட்டு, கேன்டீனில் நின்றுகொண்டு தாங்கள் கண்ட நிறங்களை அடுக்குவார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏழு நிறம் தெரிந்திருந்தால் தமக்கு ஒன்பது நிறமாவது தெரிந்தாக வேண்டும், இல்லையா?

யதுகிரிக்கு அந்த வில்லையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். பாதி ஆயுளை அந்த மேடையில் கழித்த பாடகி அவள். கண்ணை மூடிக்கொண்டு பாடுவது வழக்கம். ஒரு முறை தொண்டை கட்டி, மேல் ஷட்ஜத்தில் குரல் கிழிந்தே போனது. சபை அழுதது. இன்னொரு முறை, ஆத்திரம் தாங்காமல், 'மூன்றாம் பிரிவில் நாளை தண்ணீர் வராது' என்ற குழாய்ப் பழுது அறிவிப்பை முகாரியில் இழுத்துப் பாடினாள். அதற்கும் அழுதார்கள். ஒருவர் மேடைக்கே ஏறி வந்து, "அபூர்வமான உருப்படிம்மா! எங்கப்பா பாடிக் கேட்டது" என்று நெகிழ்ந்தார்.

மருந்துதான் கேட்கிறது, மனிதர்கள் கேட்கவில்லை என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். கழுதைக்குக் கற்பூர வாசனை தெரியாது என்பார்கள். இங்கே கழுதைக்கு மூக்கடைப்பு, அவ்வளவுதான் என்பது அவள் கணக்கு.

இப்போது அவள் குரல்நாணில் கட்டி. அறுத்தால் பேச்சு மிஞ்சும், பாட்டு மிஞ்சாது என்று வைத்தியர் கையை விரித்துவிட்டார். இன்று கடைசிக் கச்சேரி. திரை இடுக்கு வழியாகப் பரிமாறியைப் பார்த்தவள், சபைச் செயலாளர் கலியமூர்த்தியை உள்ளே கூப்பிட்டாள்.

"அந்த ரோபோவை நிறுத்தச் சொல்லுங்க சார். இன்னிக்கு ஒரு நாளாவது தெளிஞ்ச காதுக்குப் பாடணும். ஒரே ஒருத்தர் நெஜமாக் கேட்டாப் போதும். இல்லேன்னா நான் மேடை ஏறமாட்டேன்."

கலியமூர்த்தி கதவைச் சாத்தினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. பூமியிலேர்ந்து மருந்து வந்து வருஷக்கணக்காச்சு. இது நம்ம கேன்டீன்ல பண்ற புளிப்பு மிட்டாய்."

"நான் குழாய் அறிவிப்பு பாடினேனே, அன்னிக்கு?"

"அன்னிக்கும் மிட்டாய்தான்."

"ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"சொல்லத்தான் நெனச்சேன். மருந்து தீர்ந்த மொத வாரம் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். யாராவது எந்திரிச்சு, 'ஒண்ணும் தெரியலையே'ன்னு கேட்டுடுவாங்களோன்னு. அன்னிக்குத்தாம்மா என்னைக்கும் இல்லாத அழுகை."

அவள் மேடை ஏறினாள். அவளுக்கு மிச்சமிருந்தது ஒரே நப்பாசை. இத்தனை பேரும் தெளிவாகத்தான் இருக்கிறார்கள் என்றால், இவர்களில் ஒருவராவது இத்தனை காலமும் உண்மையாகக் கேட்டிருப்பார். அந்த ஒருவரைக் கண்டுபிடிக்க, வாழ்க்கையில் முதல் முறையாகக் கண்ணைத் திறந்துகொண்டு பாடினாள்.

முகாரி. குரல் அன்று சொன்னபடி கேட்டது. கட்டி இருப்பதே தெரியாமல் மேலே ஏறி, தயங்கி, இறங்கியது. இப்படி இனி வராது என்று அவளுக்கே தெரிந்தது.

சபையோ பேருந்துக்குக் காத்திருப்பது போல உட்கார்ந்திருந்தது. ஒரு தலை ஆடவில்லை. பின்வரிசைக்காரர்கள் முன்வரிசையைப் பார்த்தார்கள். முன்வரிசைக்காரர்கள் கலியமூர்த்தியைப் பார்த்தார்கள். கலியமூர்த்தி இமைகொட்டாமல் அவள் கண்களையே பார்த்து எதற்கோ காத்திருந்தார். யாரோ பரிமாறியைச் சைகை காட்டி அழைத்து, இன்னொரு வில்லை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

அவள் வரிசை வரிசையாகத் தேடினாள். யாருமில்லை.

பாதியில் பாட்டை நிறுத்தினாள். சுருதிப்பெட்டி மட்டும் ரீங்கரித்தது. போதும் என்று தோன்றியது. அலுத்துப்போய்க் கண்களை மூடினாள்.

"பலே!" என்றது கலியமூர்த்தியின் குரல்.

முன்வரிசை விம்மியது. அழுகை ஒவ்வொரு வரிசையாகப் பின்னால் பரவியது. பாதி வில்லை சாப்பிட்டிருந்த குழந்தைகள், அம்மாக்களின் முகத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, கடைசியாக அழுதன.